ஆறு நாளில் ஐந்து ஆட்டம் வென்ற சுவானி, பெரிய அணிகளை விட்டு ஏன் விலகியது?

பாலக்கோடு உடற்கல்வி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிறிய தனியார் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றி வருகிறேன். நான் கேட்கப்போவது அமெரிக்காவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கால்பந்து வரலாற்றைப் பற்றி. எதற்காகக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டால் பதில் எழுதுபவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் காலை ஐந்தே முக்கால் மணிக்கு முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கபடி ஆட வருகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் வீட்டில் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அதே சைக்கிளில் நேராக மைதானத்துக்கு வருபவர்கள். எங்களிடம் மேட் கிடையாது, செம்மண் களம்தான். மழை பெய்த மறுநாள் கோடுகள் கரைந்துபோயிருக்கும் என்பதால் சுண்ணாம்புத் தூளை நானே மறுபடி போடுவேன். கடந்த மூன்று ஆண்டுகளாக மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புகிறோம். சென்ற மாதம் நிர்வாகக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து ஐந்தாறு தேர்ந்த ஆட்டக்காரர்களைக் கட்டணமின்றிச் சேர்த்து, விடுதியும் சாப்பாடும் இலவசமாகக் கொடுத்து அணியை வலுப்படுத்தலாம், அது முடியாதென்றால் கபடியை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவிடலாம் என்றார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. ஆனால் எழுந்து நின்று மறுத்துப் பேச என்னிடம் சரியான வாதம் இருக்கவில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். தொலைபேசியில் இதைச் சொன்னபோது, டென்னசி மாநிலத்தில் மலைமேல் இருக்கும் சுவானி என்ற ஊரின் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் படித்துப் பாருங்கள் என்றார். அந்த அணி ஒரு காலத்தில் ஆறு நாட்களில் ஐந்து பெரிய பல்கலைக்கழகங்களை வென்றதென்றும், பிறகு பெரிய அணிகளின் கூட்டமைப்பிலிருந்து தானாகவே விலகியதென்றும், ஆனால் ஆட்டத்தை விட்டுவிடவில்லை என்றும் சொன்னார். அவருக்கும் விவரம் முழுதாகத் தெரியவில்லை. இது உண்மையா, எப்படி நடந்தது, ஏன் விலகினார்கள், விலகிய பிறகு அங்கே ஆட்டம் என்னவாயிற்று என்பதை அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். அமெரிக்கக் கால்பந்தின் விதிகளும் எனக்குத் தெரியாது. ஆகவே அடிப்படையிலிருந்து சொன்னாலும் நல்லதே.

ஊத்தங்கரையான் எழுதுகிறார்:

ஐயா, வணக்கம். சட்டனூகா நகரத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த மலைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். நெடுஞ்சாலையை விட்டு வளைந்து வளைந்து மேலே ஏறினால் கம்பர்லாந்து பீடபூமியின் உச்சியில், மரங்களுக்கு நடுவே, மணற்கல்லால் கட்டிய தேவாலயமும் வகுப்பறைகளும் தெரியும். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நிலம், பெரும்பாலும் காடு, சுமார் 13,000 ஏக்கர். படிப்பவர்களோ இன்றைக்கும் சுமார் 1,700 பேர்தான். அதன் முறையான பெயர் தெற்குப் பல்கலைக்கழகம். ஊரின் பெயரால் சுவானி என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எபிஸ்கோப்பல் திருச்சபையின் ஆயர்கள் 1857-இல் நிறுவியது. உள்நாட்டுப் போர் குறுக்கிட்டதால் 1868-இல்தான் வகுப்புகள் தொடங்கின, அதுவும் ஒன்பது மாணவர்களோடு.

உங்கள் மாணவர் சொன்னது உண்மைதான். 1899-ஆம் ஆண்டு நவம்பரில் அந்த அணி ரயிலேறிப் போய், 9-ஆம் தேதி ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12-0 என்றும், 10-ஆம் தேதி ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 10-0 என்றும், 11-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் டுலேன் அணியை 23-0 என்றும் வென்றது. 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்டம் இல்லை. 13-ஆம் தேதி பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34-0 என்றும், 14-ஆம் தேதி மெம்ஃபிஸில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தை 12-0 என்றும் முடித்துவிட்டு மலைக்குத் திரும்பியது. ஐந்து ஆட்டங்களில் எடுத்தது 91 புள்ளிகள். கொடுத்தது ஒன்றுகூட இல்லை.

தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். போகவரச் சுமார் 2,500 மைல், அதாவது 4,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் ஏறி ஜம்முவில் இறங்குபவர் கடக்கும் தூரத்தைவிடவும் அதிகம். ஹூஸ்டனில் மாலை ஆடிவிட்டு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் ஆட வேண்டுமென்றால் நடுவில் 550 கிலோமீட்டர் இருக்கிறது. இங்கே கிருஷ்ணகிரியில் ஆடிவிட்டு, வியர்வை காய்வதற்குள் பேருந்தேறி, விடிந்ததும் நாகர்கோவிலில் இறங்கி ஆடுவதற்குச் சமம். வழியில் கிடைக்கும் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று மலை ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லி வருகிறார்கள். வெளியூர்ப் போட்டிக்குப் புறப்படும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் எச்சரிக்கையும் தண்ணீரைப் பற்றித்தானே.

இப்படியொரு பயணத்தை ஏன் மேற்கொண்டார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். அணியின் மேலாளர் லூக் லீ என்பவர் அப்போது மாணவர். வழக்கமாக நாஷ்வில்லில் இருந்த வாண்டர்பில்ட் அணியோடு ஆடும் ஆட்டத்தில்தான் நல்ல வசூல் கிடைக்கும். அந்த ஆண்டு நுழைவுச்சீட்டுப் பணத்தைப் பிரித்துக்கொள்வதில் தகராறு வந்து அந்த ஆட்டம் நடக்காமல் போயிற்று. அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டியே லூக் லீ அடுத்தடுத்த நகரங்களில் ஆட்டங்களைப் பேசி முடித்தார். ஊர் ஊராகத் தங்கினால் செலவு கூடும் என்பதால் நாட்களை நெருக்கிவைத்தார். ஆகவே உலகமே வியக்கும் அந்த ஆறு நாட்களுக்குப் பின்னாலும் ஒரு சிறிய கல்லூரியின் பணமுடைதான் இருந்தது. லூக் லீ பிற்காலத்தில் நாஷ்வில்லில் நாளிதழ் தொடங்கி, 1911-இல் டென்னசியின் செனட்டராகவும் ஆனார். பத்தொன்பது, இருபது வயதில் ஓர் அணியின் கணக்கு நோட்டைச் சுமந்தவருக்கு மற்றவையெல்லாம் எளிதாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஆண்டு மொத்தம் 12 ஆட்டங்கள், பன்னிரண்டிலும் வெற்றி. மொத்தப் புள்ளிகள் 322-க்கு 10. அந்தப் பத்தையும் எடுத்தது ஆபர்ன் அணி மட்டுமே. நவம்பர் 30-ஆம் தேதி மாண்ட்காமரியில் நடந்த அந்த ஆட்டத்தில் சுவானி 11-10 என்று ஒரே ஒரு புள்ளியில் தப்பியது. ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது.

மத்தூர் பழைய ஆட்டக்காரர் எழுதுகிறார்:

தம்பிக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். இளமையில் மத்தூர், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கமெல்லாம் கபடி ஆடித் திரிந்தவன். பொங்கல் சமயத்தில் ஒரே இரவில் நான்கு ஆட்டம் ஆடி, விடியற்காலையில் டெம்போவில் படுத்தபடி அடுத்த ஊருக்குப் போனதுண்டு. ஆகவே ஊத்தங்கரைத் தம்பி சொன்ன ஆறு நாட்களைப் படிக்கும்போது எனக்கு முதலில் கண்ணில் தெரிந்தது புள்ளிக் கணக்கு அல்ல. ஐந்தாம் நாள் காலையில் அந்தப் பையன்களின் முழங்கால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான்.

விதிகளை நம் களத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். நீள்வட்டமான பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன். 1899-இல் அதற்கு 5 புள்ளி. அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1 புள்ளி. 12 என்றால் இரண்டு டச்டவுனும் இரண்டு உதையும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆபர்ன் ஆட்டத்தின் 11-10 என்ற கணக்கைப் பார்த்தால், இரு பக்கமும் இரண்டிரண்டு முறை ஐந்து புள்ளி எடுத்திருக்க, ஒற்றை உதையில் ஆட்டம் தீர்ந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

பந்தை வைத்திருக்கும் அணி மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேறியாக வேண்டும்; இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஐந்து கஜம் என்பது நான்கரை மீட்டருக்குச் சற்று மேல். ஆண்கள் கபடிக் களத்தில் நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு 4.75 மீட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். கிட்டத்தட்ட அந்தத் தூரத்தை, எதிரே பதினொரு பேர் தோளோடு தோள் சேர்த்து நிற்கும்போது, மூன்று பாட்டில் கடக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1906 வரை அனுமதி இல்லை. ஆகவே ஒட்டுமொத்தமாக முட்டி மோதித்தான் முன்னேற முடியும். தலைக்கவசம் கட்டாயமில்லை. ஆட்டம் முப்பத்தைந்து நிமிடம் வீதம் இரண்டு பகுதி. ஆட்டத்தின் முரட்டுத்தனத்தைக் குறைக்கச் சொல்லி 1905 அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அந்த ஆண்டில் மட்டும் பதினெட்டுப் பேர் இறந்ததாகப் பருவ முடிவில் செய்தித்தாள்கள் கணக்குச் சொல்லின. அடுத்த ஆண்டே விதிகள் மாறின. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய ஆட்டத்தைத்தான் இந்தப் பையன்கள் ஆறு நாளில் ஐந்து முறை ஆடியிருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான விதிக்கு வருகிறேன். கபடியில் வெளியேறியவர் தம் அணி புள்ளி எடுத்தால் மீண்டும் உள்ளே வருவார். அந்தக் காலத்து அமெரிக்கக் கால்பந்தில் ஒருவரை மாற்றிவிட்டால் அவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. தாக்குவதற்கும் அதே பதினொருவர், தடுப்பதற்கும் அதே பதினொருவர். ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆயிரம் பேர் படித்தாலும் சரி, முந்நூறு பேர் படித்தாலும் சரி, களத்துக்குத் தேவையானவர்கள் பதினைந்து பேர்தான். சிறிய இடம் பெரிய இடத்துக்குச் சமமாக நின்றதற்கு இந்த விதியே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெற்றியை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் உங்கள் நிர்வாகத்தின் முன்னால் வாதம் நிற்காது. சுவானி 1891-இலேயே ஆடத் தொடங்கிவிட்டது. அந்தப் பயணத்தில் தோற்ற டெக்சாஸ், டுலேன், லூசியானா, மிசிசிப்பி ஆகிய நான்கும் 1893-இல்தான் தொடங்கின; டெக்சாஸ் ஏ அண்ட் எம் 1894-இல். டெக்சாஸ் பல்கலைக்கழகமே 1883-இல் திறந்தது. இன்று அவை மலைபோல இருக்கின்றன. அன்று எல்லோரும் புதியவர்கள், சுவானி இரண்டு வயது மூத்தது. அதோடு அதன் பயிற்சியாளர் பில்லி சூட்டர், ஆட்டத்தில் முன்னோடியான பிரின்ஸ்டனில் ஆடிப் பழகி வந்தவர். மூத்த அணி, தேர்ந்த பயிற்சி, சிறிய இடத்துக்குச் சாதகமான விதி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கூடின. பையன்களின் உடலும் நெஞ்சுரமும் அதற்கு மேல். நம் தருமபுரிக்கு மொரப்பூரிலிருந்து சிறு ரயில் வந்ததே 1906-இல்தான் என்பதை நினைத்தால், அவர்களுக்கு ஊருக்கு ஊர் ரயில் இருந்ததும் ஒரு கொடுப்பினைதான்.

பாலக்கோடு உடற்கல்வி:

ஊத்தங்கரை நண்பருக்கும் மத்தூர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. போனஸ் கோட்டு ஒப்பீட்டை இன்று காலை மைதானத்திலேயே மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஐந்து பேரைக் கோர்த்து நிற்க வைத்து, மூன்று முயற்சியில் கடக்கச் சொன்னேன். ஒருவரும் கடக்கவில்லை, ஆனால் பயிற்சி முடிந்த பிறகும் கால் மணி நேரம் அதையே முயன்று கொண்டிருந்தார்கள்.

விலகியதைப் பற்றி இன்னும் தெளிவு வேண்டும். தேடிப் பார்த்தபோது அந்தக் கூட்டமைப்பில் சுவானி ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை என்று படித்தேன். அப்படியானால் தோற்றுத்தானே வெளியேறினார்கள்? நான் இதை எடுத்துச் சொன்னால், தோற்ற அணியை நிறுத்துவதுதான் சரி என்று அவர்கள் என்னிடமே திருப்பிச் சொல்ல மாட்டார்களா?

கெலமங்கலம் வாசகி எழுதுகிறார்:

வணக்கம். நான் வரலாறு கற்பிப்பவள்; விளையாட்டு என் துறை அல்ல. ஆனால் கல்வி நிறுவனங்களின் வரலாற்றைப் படிக்கும்போது சுவானியும் சிகாகோவும் அடுத்தடுத்து வந்ததால் இந்தப் பகுதி எனக்கு ஓரளவு தெரியும்.

தென்கிழக்குக் கூட்டமைப்பு 1932 டிசம்பரில் பதின்மூன்று பல்கலைக்கழகங்களோடு உருவானது. அலபாமா, ஆபர்ன், ஜார்ஜியா, டென்னசி, லூசியானா போன்ற பெயர்களோடு நிறுவன உறுப்பினராகச் சுவானியும் இருந்தது. அதுவரை தெற்கில் அதற்கு நல்ல பெயர் இருந்தது. 1909-இலும் அந்தப் பகுதியின் வாகையர் அதுவே. ஆனால் 1933 முதல் 1940 வரையிலான கூட்டமைப்பு ஆட்டங்களில் அது ஆடியவை 37, தோற்றவையும் 37. நீங்கள் படித்தது சரிதான், இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் என்ன மாறியது என்பதைப் பார்க்க வேண்டும். ஆட்டத் திறமைக்காகவே ஒரு மாணவருக்குப் படிப்புச் செலவைக் கொடுக்கலாம் என்று 1935-இல் இந்தக் கூட்டமைப்பு வெளிப்படையாக அனுமதித்தது. அப்படி அனுமதித்த முதல் கூட்டமைப்பும் இதுதான். அதன்பின் போட்டி களத்தில் தொடங்கவில்லை, ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பதில் தொடங்கியது. மாநில அரசின் பணத்தில் வளரும், பல்லாயிரம் இருக்கைகள் கொண்ட மைதானம் உள்ள பல்கலைக்கழகங்களோடு, சில நூறு ஆண் மாணவர்கள் மட்டுமே படித்த ஒரு மலைக் கல்லூரி இதில் போட்டியிட முடியாது. 1899-இல் சுவானி 46-0 என்று வென்ற அதே டென்னசி பல்கலைக்கழகம், 1939-ஆம் ஆண்டுப் பருவத்தில் பத்து ஆட்டங்களிலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. நாற்பது ஆண்டில் தட்டு அப்படியே சாய்ந்துவிட்டது.

1938-இல் அலெக்சாண்டர் கெர்ரி துணைவேந்தரானார். அந்தப் பல்கலைக்கழகத்தில் வேந்தர் பதவி ஓர் ஆயருக்கு உரியது. நிர்வாகத்தை நடத்துபவர் துணைவேந்தரே. அவர் முன்னால் இருந்த வழிகள் ஏறத்தாழ உங்கள் நிர்வாகம் சொல்பவைதாம்: பணம் கொடுத்து ஆட்டக்காரர்களைக் கொண்டுவருவது, அல்லது நிறுத்திவிடுவது. அவர் இரண்டையும் ஏற்கவில்லை. ஆட்டம் படிக்க வந்த மாணவர்களுக்கு உரியது, ஆடுவதற்காக யாருக்கும் சம்பளம்போலக் கொடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார். 1940 டிசம்பரில் சுவானி கூட்டமைப்பிலிருந்து விலகியது. ஆட்டக்காரர்களுக்குத் தனிச் சலுகை இல்லாமல், தன்னைப் போன்ற கல்லூரிகளோடு ஆடும் வழிக்குத் திரும்பியது. போர்க்காலத்தில் அணி இல்லை. 1946-இல் மீண்டும் களமிறங்கியது.

நிறுத்திவிட்டவர்களின் கதையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் சிறிய பெயரல்ல. ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில், 1935-இல், பெற்ற ஜே பர்வாங்கர் அங்கே படித்தவர். தொடர்ந்து தோற்கத் தொடங்கியதும் அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் 1939 டிசம்பரில் கால்பந்தையே கைவிட்டார். முறையான பல்கலைக்கழக அணி அங்கே திரும்பியது 1969-இல், முப்பது ஆண்டுகள். நிறுத்துவதற்கு ஒரு கூட்டம் போதும், மீண்டும் தொடங்க ஒரு தலைமுறை ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சுவானியில் என்ன நடந்தது? 1957 முதல் 1977 வரை ஷெர்லி மேஜர்ஸ் என்பவர் பயிற்சியாளராக இருந்தார். 1958-இலும் 1963-இலும் அவருடைய அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அப்போது எதிரே நின்றவர்கள் அலபாமாக்கள் அல்லர் என்பது உண்மை. தம்மைப் போன்றவர்களோடு ஆடினார்கள், வென்றார்கள். இன்று அது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. அந்தப் பிரிவின் விதிப்படி ஆட்டத்துக்காக உதவித்தொகை கொடுக்கவே முடியாது.

ஊத்தங்கரையான்:

அம்மா எழுதியதில் ஒரு சிறு மாறுபாடு. கொள்கைக்காகவே விலகினார்கள் என்று மட்டும் சொல்வது எனக்கு முழுமையாகப் படவில்லை. 37 தோல்விகள் இல்லாமல் இருந்திருந்தால் கெர்ரி சொன்னதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? தோல்விதான் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தது. அந்த இடத்தில் எதைச் சொல்வது என்பதைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். சிகாகோவுக்கும் அதே தோல்விதான் வாய்த்தது, அங்கே வேறு முடிவு எடுத்தார்கள். ஆகவே பாலக்கோடு ஐயா தோல்வியை மறைக்காமல், அதிலிருந்தே பேசத் தொடங்கினால் வாதம் வலுவாக இருக்கும்.

இன்னொன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த ஆறு நாட்களில் தோற்ற ஐந்து பல்கலைக்கழகங்களையும் பாருங்கள். லூசியானாவும் மிசிசிப்பியும் தென்கிழக்குக் கூட்டமைப்பைத் தொடங்கியவை, இன்றும் இருக்கின்றன. டுலேனும் தொடங்கியவற்றுள் ஒன்று, 1966-இல் விலகியது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2012-இலும், டெக்சாஸ் 2024-இலும் உள்ளே வந்தன. ஐவரும் ஏதோ ஒரு காலத்தில் அங்கே இருந்தவர்கள். ஐவரையும் வென்றவர்கள் மலைமேல் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் முறை நான் போனது அக்டோபர் மாதச் சனிக்கிழமை. நுழைவாயிலில் தள்ளுமுள்ளு இல்லை. பேராசிரியர்கள் குழந்தைகளோடு புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். முழுநேரம் ஆடிவிட்டு வந்த ஒரு பையன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி, திங்கட்கிழமை வேதியியல் தேர்வைப் பற்றித் தன் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு போனான். அருகில் நின்றதால் காதில் விழுந்தது.

மத்தூர் பழைய ஆட்டக்காரர்:

ஊத்தங்கரைத் தம்பி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஒரு சேர்க்கை மட்டும். சுவானி விலகியதற்கு மறு ஆண்டு, 1941-இல், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. பதினைந்து பேர் போதும் என்ற காலம் அதோடு போயிற்று. பிறகு அந்த விதி சில காலம் இறுக்கப்பட்டாலும், இன்று தாக்க ஓர் அணி, தடுக்க ஓர் அணி என்று ஆள்பலம் கேட்கும் ஆட்டமாகிவிட்டது. விலகாமல் இருந்திருந்தாலும் அந்தக் கூட்டத்தில் அவர்களால் நிலைத்திருக்க முடிந்திராது என்பதே என் கணிப்பு.

கபடிக்கு அந்தக் கதி இல்லை, தம்பி. இன்றைக்கும் ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே; பன்னிரண்டு பேரில் அணி முடிந்துவிடும். சிறிய கல்லூரிக்கு இன்னும் கதவு திறந்திருக்கும் ஆட்டம் இது. வெளியிலிருந்து ஐந்து பேரைக் கொண்டுவந்தால் உங்கள் முப்பது பேரில் ஐந்து பேர் வெளியே உட்கார வேண்டிவரும். அவர்கள் இரண்டு வாரம் வருவார்கள், மூன்றாம் வாரம் பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் பணியாற்றிய ஓர் இடத்தில் இது நடந்ததைக் கண்ணால் பார்த்தவன். மூன்றாம் ஆண்டு கோப்பை வந்தது; நான்காம் ஆண்டு மைதானத்தில் சீமைக் கருவேலம் முளைத்தது.

பாலக்கோடு உடற்கல்வி:

உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. நேற்று மாலை கல்லூரி முதல்வரைச் சந்தித்துப் பேசினேன். முதலில் மூன்று ஆண்டுத் தோல்விகளையும் புள்ளிகளோடு எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு சுவானி, சிகாகோ இரண்டையும் சொன்னேன். கெர்ரி எடுத்த முடிவைச் சொன்னபோது அவர் குறிப்பேட்டில் ஆண்டை எழுதிக்கொண்டார். முப்பது ஆண்டு இடைவெளியைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

வெளி மாவட்டத்து ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் பேச்சு இந்த ஆண்டு வேண்டாம் என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். நிர்வாகத்திடம் அவரே பேசுவதாகவும் சொன்னார். மண்டலப் போட்டிக்கு இந்த ஆண்டும் போவோம். அதோடு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எங்களைப் போன்ற, மேட் இல்லாத, மண்தரைக் களம் உள்ள சிறிய கல்லூரிகள் ஆறேழு சேர்ந்து, சுழற்சி முறையில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு சனிக்கிழமை ஆடலாம் என்று ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நாளில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் வைக்கப்போவதில்லை. மத்தூர் ஐயா சொன்ன முழங்காலை மறக்கவில்லை. அரூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் பக்கத்துக் கல்லூரிகளில் பணியாற்றும் உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் இங்கேயே பதில் எழுதுங்கள். முதல் சனிக்கிழமைக்கு எங்கள் களம் தயார். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்தான். சாப்பாட்டுக்கு மாணவர்களின் வீடுகளிலிருந்து களியும் கீரைக்குழம்பும் வரும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.